பதினேழாம் கேள்வி

'சற்றே உயர்ந்த குன்றில் ஏறும்போது
தங்களுக்கு மூச்சுத்திணறல் ஏற்படுகிறதா?'

தமிழில் பெயர்த்தவள் நான்தான்.
நாளுக்கு அறுநூறு ரூபாய், டீ காசு தனி.
அச்சாகி வந்த பிறகுதான் உறைத்தது:
தண்டையார்பேட்டை தொடங்கி எண்ணூர் வரை
தோசைக்கல்லாய்க் கிடக்கிற இந்த மண்ணில்
எந்தக் குன்றை நான் காட்டுவேன்.
மாற்றக் கூடாதாம்.
இரண்டு பல்கலைக்கழகம், ஒரே தாள்.
இங்கே கேட்பதைத்தான் அங்கேயும் கேட்பார்கள்.

பெல்ஜியத்திலிருந்து வந்தவள் பெயர் லீவ.
கடைசியில் ஒரு உகரம் சேர்த்து
லீவு டாக்டர் ஆக்கியது எழில் நகர்.
'லீவு வந்துட்சு, நாளைக்கு இஸ்கோல் இல்ல'
என்று பின்னாலேயே ஓடின பிள்ளைகள்.
நான்காம் வருடம் படிக்கிறாள்.
வெயில் பட்டால் முதலில் காது சிவக்கும்.
ஊதும் மெஷினை ஷேர் ஆட்டோவில்
மடியில் வைத்துக்கொள்வாள், கைக்குழந்தை மாதிரி.

அஞ்சலாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது.
படித்துக் காட்டினேன்.
'குன்றுன்னா இன்னா?'
'சின்ன மலைக்கா.'
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவள்.
கட்டைவிரலால் தோளுக்குப் பின்னால் காட்டினாள்:
கொடுங்கையூர் மேடு.
உச்சியில் பருந்துகள், ஒரு மூலையில் புகை.

'தெனம் ரெண்டு வாட்டி ஏர்றேன்.
போ சொல்ல வாங்கும்.
மூட்டையோட எறங்க சொல்ல இரைக்கும்.
குப்ப பத்திக்கிச்சுனா முட்டும்.
ராத்திரி படுத்தா அடைக்கும்.
இதுல உனுக்கு எது வோணும்?'

தாளில் இருந்தது ஒரே கட்டம்.
டிக் அடிக்கப் போனேன்.
லீவ என் பேனாவைப் பிடித்துக்கொண்டாள்.
நான்கு மூச்சையும் மறுபடி சொல்லச் சொல்லி
நோட்டின் ஓரத்தில்
தன் எழுத்தில் எழுதிக்கொண்டாள்,
வாயசைத்துப் பார்த்தபடி.

பிறகு ஊத வைத்தோம்.
ஊது ஊது ஊது இன்னும் இன்னும் என்று
தெருவே கத்தியது.
திரையில் கோடு எழுந்து
பாதியிலேயே படுத்துவிட்டது.
'பாஸா ஃபெயிலா?' என்றாள் அஞ்சலாட்சி.
அந்த இரண்டு சொல்லுக்கு மட்டும்
நான் தேவைப்படவில்லை லீவவுக்கு.
பதில் சொல்லத்தான் யாரும் இல்லை.
சீட்டு எழுதிக் கொடுத்தோம்.
ஓ.பி. காலை ஏழரைக்கு.
ஏழரைக்கு அவள் மலைமேல் இருப்பாள்.

மூலக்கடை டீக்கடையில் கேட்டேன்,
உங்கள் ஊரில் மலை உண்டா என்று.
இல்லையாம். அதுவும் சப்பை ஊர்தானாம்.
இருப்பது ஒரே ஏற்றம், கால்வாய்ப் பாலம்,
அதிலும் சைக்கிளில் போய்விடுவார்களாம்.
அப்போது இந்தக் கேள்வியை
யார் எந்த மலையடியில் உட்கார்ந்து எழுதினார்?
சிரித்தோம். டீ ஆறிவிட்டது.

பரிமாற்றம் என்பதால் இங்கிருந்தும் ஒருவன் போனான்,
வியாசர்பாடி எழிற்கோ.
ஆறு வாரம், கழுத்தில் அட்டை,
'பார்வையாளர்' என்று அதில்.
ஒரு நாடியைக்கூடத் தொடவில்லையாம்.
தொடுவதற்கு வேறொரு தாள் வேண்டுமாம்,
அது வருவதற்குள் விமானம் வந்துவிட்டது.
இங்கே லீவ தொடாத முதுகு
எழில் நகரில் எத்தனை இருக்கும்?
ஸ்டெதாஸ்கோப்பைச் சூடுபடுத்தித்தான் வைப்பாள்.
அதற்காகவே அவளைக் குறை சொல்ல வாய் வராது.
ஆனாலும்.

தை கடைசியில் புதிய தாள் வந்தது.
பதினேழில் குன்றைக் காணோம்.
'நிறைகுடத்துடன் மூன்றாம் மாடி ஏறும்போது'
என்று இருந்தது.
ஹவுசிங் போர்டைக் காட்டி
லீவவிடம் நான் உளறிய வாக்கியம்.
அந்த நான்கு மூச்சுக்கும்
கட்டம் இன்னும் ஒன்றுதான்.

ஒரே தாள் அல்லவா, அங்கேயும் அதைத்தான் கேட்கிறார்கள்.
குரல் செய்தியில் சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.
காலி வாளியை இடுப்பில் இடுக்கி
நடந்து காட்டினாளாம் ஒரு கிழவருக்கு.
அவர் பாவம், எழுந்து வந்து
அவள் தோளைத் தொட்டு விசாரித்தாராம்:
'ஏன் மகளே,
உங்கள் வீட்டில் குழாய் உடைந்துவிட்டதா?'