வாய் திறக்க அனுமதி

இசிபிங்கோவில்
ஆறு வாய் மூடி இன்று பதினோராம் நாள்.
கடல் கொண்டுவந்து கொட்டிய மணல்
படுத்த மாடு மாதிரி குறுக்கே கிடக்கிறது.
மண்ணள்ளும் வண்டியில் நான்.
சாவி என் சட்டைப்பையில்.
அனுமதி பிரிட்டோரியாவில்.

பிரிட்டோரியாவில் கடல் கிடையாது.
அங்கே ஒரு மேசை; மேசைமேல் எங்கள் ஆறு,
நீல மையில், விரல் நீளம்.
இங்கே அது
கோகிலம் செட்டியின் அடுப்படியில்
கணுக்கால் ஆழம்.

"நகராட்சிக்காரன்தானே நீ, திற" என்கிறாள்.
நகராட்சிக்குச் சாலையும் சாக்கடையும்தான், அக்கா.
மணலுக்கு ஒரு துறை,
மணலை முட்டும் தண்ணீருக்கு வேறு துறை,
மீனுக்கு நடுவண் அரசு.
அலையாத்தி மரத்துக்கு
வேர் ஒருவருடையது, இலை இன்னொருவருடையது.
சேறு மட்டும்
யாரும் கையெழுத்துப் போடாமலே அவளுக்கு.

நியாயமும் சொல்ல வேண்டும்.
போன மழைக்கு யாரையும் கேட்காமல் திறந்தோம்.
கவுன்சிலர் போன் போட்டார், நான் கியர் போட்டேன்.
இரண்டே மணி நேரத்தில் கழிமுகம் வடிந்து
நகக்கண் அளவு மீன்குஞ்சுகள் சேற்றில் துடித்ததை
நாரைகளாலும் தின்று முடிக்க முடியவில்லை.
எங்கள் பம்ப் நிலையம் கசியவிட்ட கழிவுக்கு
எங்கள் அலுவலகத்தில் கோப்பே இல்லை.
அந்த மேசைக்காரர்கள் வந்து அளந்த பிறகுதான்
அதற்கு ஒரு எண் கிடைத்தது.

ஆகவே காத்திருந்தேன்.
பெகி தெர்மாஸிலிருந்து தேநீர் ஊற்றினான்.
அளவுகோலில் தண்ணீர்
சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.
இன்னும் மூன்று கையெழுத்து.
மூன்றாமவர் விடுமுறையில்.

இரவு மூன்று மணி இருக்கும்.
கண்ணயர்ந்தவன் சத்தம் கேட்டு விழித்தேன்:
நாள்பட்ட சளியைத் தொண்டையிலிருந்து
யாரோ இழுப்பதுபோல்
ஆறு.
ஒரு மண்வாரி அகலத்துக்குக் கீறிய வாய்க்கால்,
விடிவதற்குள் அதில் ஒரு பேருந்து போகும்.

செவ்வாயன்று அனுமதி வந்தது,
பதினான்கு நிபந்தனைகளோடு.
கூடவே ஒரு படிவம்:
திறந்தது யார்? எந்த அதிகாரத்தின் கீழ்?

'கடல்' என்று எழுதினேன்.
கடலின் முகவரி கேட்டுத்
திருப்பி அனுப்பினார்கள்.

வண்டியில், இருக்கைக்குப் பின்னால்,
மணல் ஒட்டிய ரப்பர் செருப்பு ஒன்று.
இடதுகால். ஆறாம் எண்.
அதன் ஜோடி எந்த வாசலில் காய்கிறதென்று
எனக்குத் தெரியும்.
பிரிட்டோரியாவுக்குத் தெரிய வேண்டாம்.
எங்கள் அலுவலகத்துக்கும்.