ஆறு புள்ளி எட்டு

ராயக்கோட்டை தக்காளி மண்டியில்
பெட்டி எண்ணி எழுதுவது என் வேலை.
போன சித்திரை முழுக்க
எண்ணியதைவிடத் திட்டியது அதிகம்.

கெம்பன் மெதுவாக இறக்கினான் என்று ஒருநாள்,
வேகமாக இறக்கினான் என்று மறுநாள்.
குறைத்துக் கொடுத்த லாரிக்காரரை.
சரியாகக் கொடுத்தவரையும்,
ஏன் எல்லாம் பத்து ரூபாய் நோட்டு என்று.

கூட்டுறவு வங்கிக்குப் பதினெட்டுப் படி.
எட்டாவது படியில் நெஞ்சு காதுக்குள் வந்து இடிக்கும்.
கேஷியர்மேல் எனக்குக் கோபம் வந்தது
அந்தப் படியில்தான்.
அவர் முகத்தை இன்னும் பார்க்கவே இல்லை.

வீட்டில் மூன்றாவது விசிலுக்குள்
கத்தி முடித்திருப்பேன்.
தேஜு, இரண்டாம் வகுப்பு,
பாடப் புத்தகத்துக்கு முன்னால்
என் முகத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.

‘உங்கப்பா குணம் அப்படியே’ என்றார் திம்மராஜ்.
‘சம்பாதிக்கிற திமிர்’ என்றாள் நாத்தனார்.
முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.
நானும் நம்பினேன்:
இவ்வளவுதான் நான்,
முப்பத்து நான்கு வயதில் தோல் உரிந்து
உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது.
இரவில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
அன்று திட்டியவர்கள் பெயரை எழுதி
எதிரே ‘பாக்கி’ என்று போடுவேன்.

ஒன்றை மட்டும் எங்கும் எழுதவில்லை.
பெட்டிக்கு அடியில் ஒட்டி வரும் செம்மண் கட்டியை
யாரும் பார்க்காதபோது
வாயில் அடக்கிக்கொள்வேன்.
மழை தூறினால்
பிரியாணிக் கடையைத் தாண்டும் பிள்ளைபோல்
எச்சில் ஊறும்.

போனது தேஜுவின் இருமலுக்கு.
மாதம் எட்டு நாள், ஒன்பது நாள் போகிறது என்று
நர்ஸிடம் சொன்னது
சீட்டுக்குக் காத்திருந்த நேரத்தில், பேச்சுவாக்கில்.
அவர் என் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.
விரலில் குத்தினார்.
‘ஆறு புள்ளி எட்டு.
எப்படிம்மா நிக்கிற நீ?’

எனக்கு அழுகை வந்துவிட்டது.
நான் நிற்கிறேன் என்று
அதுவரை யாரும் சொன்னதில்லை.

கிருஷ்ணகிரி பெரியாஸ்பத்திரியில்
டிகாஷன் நிறத்தில் ஒரு பாட்டில் சொட்டியது.
இரும்பு என்றார்கள்.
ஒன்றுவிட்டு ஒருநாள், ஐந்து தடவை.
பக்கத்துக் கட்டில்காரி தெலுங்கில் ஓயாமல் பேசினாள்.
நான்காவது தடவை
அவள் இன்னும் வரவில்லையே என்று
வாசலைப் பார்த்தேன்.

ஆடியில் கெம்பன் இரண்டு பெட்டியைக் கவிழ்த்தான்.
ரோடுவரை உருண்டது தக்காளி.
தோளைச் சுருக்கிக்கொண்டு அவன் காத்திருந்தான்.
நானும் காத்திருந்தேன்,
பஸ் வரும் திசையைப் பார்ப்பதுபோல.
வரவில்லை.
இருவரும் குனிந்து பொறுக்கினோம்.

‘எல்லாம் ரத்தம்தான்’ என்று
திம்மராஜ் ஊரெல்லாம் சொன்னார்.
நோட்டில் பெயர்களை ஒவ்வொன்றாய் அடித்தேன்.
கேஷியருக்கு இரண்டு கிலோ பழம் கொடுத்தேன்,
எதற்கென்று அவருக்குத் தெரியாது.
முதலாளி பெயரில் பேனா நின்றது.

முப்பது பெண்கள் தரம் பிரிக்கும் மண்டியில்
ஒதுங்க ஓர் இடம் இல்லை, லாரி மறைவுதான்.
அதற்கும் கத்தியிருந்தேன்,
மற்ற கத்தலோடு கத்தலாய்.
புதன்கிழமை போய் மறுபடி கேட்டேன்.
‘மாத்திரைய நிறுத்திட்டியா?’ என்றார்.
பையிலிருந்த ரிப்போர்ட்டை மேஜையில் வைத்தேன்.
பதினொன்று புள்ளி ஒன்பது.
‘இது ரத்தத்துல இல்லீங்க’ என்றேன்,
குரல் ஏறாமல்.

அவர் இன்னும் கட்டவில்லை.
தேஜு இன்னும்
நான் செருப்பைக் கழற்றும் சத்தத்தில்
புத்தகத்தை மூடி முகத்தைப் பார்க்கிறாள்.
படி, என்கிறேன்.
படிக்கிறாள், ஒரு கண் என்மேல்.
அவளுக்கு எத்தனை பாட்டில் ஆகும் என்று
ரிப்போர்ட்டில் போடவில்லை.