ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்

பிரியாவிடை மலருக்குப் பணிப்பாளரின்
சேவை வரலாறு வேண்டுமாம்,
ஒரு பக்கத்துக்கு மேற்படாமல்.
கணக்குக்காரனிடம் கேட்டால்
கணக்குத்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன்.
குழு கேட்கவில்லை.

பெயர்: எமரென்சியா சூசைமுத்து.
பிறந்த இடம்: பாலையூற்று.
முதல் உத்தியோகம்: டெலிபோன் ஒப்பரேட்டர், திருகோணமலை.
இதுவரை சரி.

காதில் கருவியை மாட்டிக்கொண்டு
ஊரை ஊரோடு கொளுவிவிட்ட பதினொரு வருடம்.
"லைனில நில்லுங்கோ" என்பாராம்,
அழுகிறவர்களிடமும்.

தொண்ணூறில் கம்பிகள் அறுந்தன.
பலகையில் ஒரு விளக்கும் எரியாத மத்தியானம்
வாசலில் ஒரு சிறுமி.
உள்ளங்கையில் குமிழ்முனைப் பேனையால்
ஐந்து இலக்கம்.
வியர்வையில் கடைசி இலக்கம் கரைந்திருந்தது,
ஒன்றா, ஏழா?

இரண்டையும் சுழற்றிப் பார்த்தார்.
மறுநாளும். மறு கிழமையும்.
வீட்டுக்குக் கூட்டிப் போனது
லைன் கிடைக்கும் வரைக்கும்தான்.

அந்தச் சிறுமி இப்போது கனடாவில்.
எப்போதாவது அழைக்கிறாள்.
ஒன்றா ஏழா, அவளுக்கும் நினைவில்லை.

இல்லத்தின் தொடக்கம் என்று இதைப் போடலாம்.
போட்டால் "தொலைநோக்கு" என்றொரு சொல்லைக்
குழு சேர்த்துவிடும்.

நான் சேர்ந்தபோது
பாய் முப்பத்தாறு, பேக்கரிக் கடன் நாலு மாதம்,
தட்டச்சு இயந்திரத்தில் 'ழ' உடைந்திருந்தது.
விண்ணப்பங்களில் ஒவ்வொரு குழந்தையின் நடுவிலும்
ஓர் ஓட்டை விட்டு அடிப்பேன்.
இரவில் அவர் பேனையால் நிரப்புவார்,
ஒவ்வொன்றாக.

கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
கந்தோருக்குள் புகுந்து
பங்குனி மாத வவுச்சர்களைத் தின்றது.
கணக்காய்வாளருக்கு அவர் எழுதிய கடிதத்தின் பிரதி
இன்னும் என்னிடம் இருக்கிறது:
"மேற்படி செலவு உண்மையானது. மான் சாட்சி."

கடல் வந்து போனது.
பிறகு வெள்ளை வாகனங்கள் வந்தன.
சோற்றுக் கோப்பைகளின் அடியில்
தன் பெயரைப் பொறிக்க வேண்டுமென்றது ஒரு கம்பனி.
"பிள்ளை தின்டு முடிக்கேக்க உங்கட பேர் தெரியும்.
அது எப்பிடி மற்றக்கா சோறு கேக்கும்?"
கோப்பைகள் வந்த லொறியிலேயே திரும்பிப் போயின.
எனக்கு அன்று ஆத்திரம்,
இரண்டு மாதச் சம்பளம் நிலுவை.

இனி, மலரில் வரக் கூடாத ஒன்று.

கஜரூபன். வயது ஒன்பது.
கடலுக்கு முந்திய வருடம்
மாமா என்று ஒருவர் வந்தார்.
கிராம சேவகரின் கடிதம், முத்திரை, கண்ணீர்,
எல்லாம் ஒழுங்காக இருந்தன.
கையொப்பம் அவருடையது.
வவுச்சர் என்னுடையது:
பஸ் செலவு, நூற்றியிருபது ரூபாய்.
படியிறங்கும்போது பொடியன் திரும்பிப் பார்த்தான்.
நாங்கள் இருவரும் கையசைத்தோம்.

அப்படியொரு மாமா அந்த ஊரில் இல்லை
என்று தெரியவர மூன்று மாதம்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் முதல் சனி
மூதூர்ப் படகில் போவார்.
ஈச்சிலம்பற்று, வெருகல்,
முகாம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி,
வாடிவாடியாக.
படகு நின்று பாலங்கள் வந்த பிறகு பஸ்ஸில்.
ஒருநாளும் வவுச்சர் தரவில்லை.
பதினேழு வருடப் பேரேட்டில்
அந்தப் பயணத்துக்குத் தலைப்பே இல்லை.

கொழும்பில் விருது வாங்கிய இரவு
எடுத்துக் கேட்டது:
"அரிசி வந்திட்டுதா, நசுறுதீன்?"

நேற்று சாவிகளை ஒப்படைத்தார்.
பதிவேட்டைப் புதியவரிடம் கொடுக்கும் முன்
ஒரு பக்கத்தில் விரலை வைத்து
நெடுநேரம் நின்றார்.
"இது மூடின கோவை இல்ல."
வேறொன்றும் சொல்லவில்லை.

குழுவுக்கு அனுப்பிய தாளில்
பெயர், பிறந்த இடம், முதல் உத்தியோகம்
எழுதியிருக்கிறேன்.
மிச்சத்தை அவர்கள் நிரப்பட்டும்.

நாளை முதல் சனி.
ஐந்தரை பஸ்ஸில் எனக்கும் ஒரு சீட் பிடிக்கச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு,
"சாப்பிட்டிட்டு வாங்கோ,
அந்தப் பக்கம் கடை இல்ல."