ஒற்றை அம்பு

டொம்ளூர் மேம்பாலத்தைப் பார்த்த கண்ணாடிக் கட்டடம்.
நாலாவது மாடியைக் காலி செய்கிறார்கள்.
திங்கட்கிழமை ஏலம். அதற்குள்
நூற்று முப்பத்தெட்டு கணினிகளும்
தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிவிட வேண்டும்.

கேட்பதற்கு என்னிடம் பதினொரு வரி இருக்கிறது,
சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவில்.
செருகி இரண்டு தட்டு தட்டினால் கறுப்புச் சன்னல் திறக்கும்:
வரிசை எண் என்ன, செயலி எது, எவ்வளவு நினைவகம்,
வட்டில் எத்தனை ஜிபி,
உள்ளே வந்திருப்பது யார்.
ஆறு நொடி. பிடுங்கு. அடுத்த நாற்காலி.

சில, வரிசை எண்ணைக் கேட்டால்
'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டியது' என்கின்றன.
எஸ்.பி. ரோட்டில் பொருத்தி வாங்கியவை,
பெயர் வைக்க மறந்து பள்ளிக்கு அனுப்பிய பிள்ளைகள்.

ஐம்பத்திரண்டாம் மேசை மட்டும் பதினாறு என்றது.
மற்றதெல்லாம் எட்டு, எட்டு, எட்டு.
அதன் திரை விளிம்பில்
காய்ந்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்று.
யாரோ கொஞ்சம் கூடுதலாய்க் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

ஒன்றே கால் மணிக்குக் கோப்பைத் திறந்தேன்.
ஒரே ஒரு கணினி.
கடைசியாகப் பார்த்தது, கழிப்பறைப் பக்கம் இருந்தது.

ஒற்றை அம்பு போட்டிருக்கிறேன்.
இரண்டு போட்டால் அடியில் சேர்க்கும்.
ஒன்று போட்டால்
இருந்ததை அழித்துவிட்டு எழுதும்.
ஒவ்வொன்றும் வந்து முந்தையதைத் துடைத்துவிட்டு
அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது,
இந்த மாடியில் ஷிஃப்ட் மாறியவர்கள் உட்கார்ந்த மாதிரியே.

காவலுக்கு இருந்த ரிதுல் டீ கொண்டுவந்தான்.
ஃபிளாஸ்க் டீ, இஞ்சி தூக்கல்.
'ஹோ கயா, மேடம்?'
ஓர் அம்பைக் கோட்டைவிட்ட கதையை
எந்தப் பாஷையிலும் சொல்ல வெட்கம்.
தலையாட்டினேன்.
முடிந்தது என்று எடுத்துக்கொண்டான்.

கீழே போய் டப்பாவைத் திறந்தேன். ஆறிப்போன தக்காளி சாதம்.
பாதியில் கையைக் கழுவிவிட்டு
இன்னோர் அம்பைச் சேர்த்தேன்.
மூன்று மணிக்கு மறுபடி ஒன்றிலிருந்து.

இந்த முறை ஐம்பத்திரண்டு
எட்டு என்றது.

மறுபடி ஓட்டினேன். எட்டு.
பக்கத் தகட்டில் ஒரு திருகு இல்லை.
முன்னால் இருந்ததா?
திருகைப் பற்றி என் பதினொரு வரி கேட்பதில்லை.

லிஃப்ட் அருகே நாற்காலியில்
ரிதுல் கண்ணை மூடியிருந்தான்.
தூங்குகிறவனுக்குக் கால் ஆடும் என்பார்கள் எங்கள் வீட்டில்,
பாசாங்கைப் பிடிக்க.
போகிறபோக்கில் சும்மா சொல்லிப் பார்த்தேன், தமிழில்.
கால் ஆடவில்லை.
தமிழ் தெரியாதவனிடம் அந்த வித்தை பலிக்காது.

பழையது, எட்டு ஜிபி. விற்றால் ஆயிரத்துச் சொச்சம் வரும்.
அவனுக்கு அது எத்தனை ராத்திரி என்று கணக்குப் போடத் தொடங்கி
நிறுத்தினேன்.
பார்க்காததைக் கணக்கில் சேர்க்கிறேன்,
அதுவும் இரண்டு அம்பு போட்டு.

பதினாறு இப்போது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது.
அதை நினைவகம் என்று எந்த ஆடிட்டும் ஏற்காது.
கொள்முதல் ஏட்டில் இருக்கலாம். இருந்தால்
அவர்கள் இந்தக் கோப்பைத்தான் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.
அதில் ஒவ்வொரு வரியின் முடிவிலும்
பயனர்: கிளாடிஸ். பயனர்: கிளாடிஸ்.
நூற்று முப்பத்தெட்டு முறை நான் உள்ளே வந்திருக்கிறேன்.
ரிதுலை எந்த இயந்திரமும் பார்த்ததே இல்லை.

ஐந்தே முக்கால். பாலத்தில் முதல் பஸ்.
கடைசிப் பத்தியின் தலைப்பு 'குறிப்பு'.
அதில் ஐம்பத்திரண்டுக்கு நேரே
கர்சர் விட்டு விட்டுத் துடிக்கிறது.

'ஒரு திருகு இல்லை' என்று எழுதிச்
சேமித்தேன்.