சிரிக்க விட்ட இடம்

காவேரிப்பட்டணம் டென்ட் கொட்டகையில்
எண்ணெய் என்ஜினுக்கு நான்தான் ஆள்.
திரைக்குப் பின்னால் குழிவெட்டி இறக்கியிருந்தார்கள்.
படமெல்லாம் எனக்கு இடம்வலம் மாறித்தான் ஓடும்.
கதாநாயகன் இடக்கையால் வாள் உருவுவான்.
எழுத்துகள் புரண்டு படுத்திருக்கும்.

பெரிய படத்துக்கு முன்னால் ஒரு துண்டுப்படம் வந்தது.
பதினோரு நிமிஷம், பேசும் தமாஷ்.
கல்யாணப் பந்தியில் வந்து குந்தும் கடன்காரன்
நம் மாரண்டஹள்ளி முனிரத்தினம்,
ஸ்பெஷல் நாடகத்து பபூன்.

ஒரு சனிக்கிழமை அவரே வந்தார்.
தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்துவிட்டார்.
"முன்னால உக்காந்து பழக்கமில்லப்பா."

பட்டணத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லையாம்.
சிரித்தால் மெஷினில் ஏறிவிடுமென்று
நாற்பது பேர் வாயில் துண்டைத் திணித்து நின்றார்களாம்.
"எழவு வீட்லகூட அவ்வளவு அமைதி கெடையாது."
பழக்கதோஷம்,
ஒவ்வொரு பேச்சுக்கும் பின்னால்
சிரிக்க இடம் விட்டிருக்கிறார்.
"ஏன்யா நிக்கிறே, பிலிம் என்ன சும்மாவா வருது?"
முதலாளி அந்த இடத்தையெல்லாம்
கத்தரியால் நறுக்கிவிட்டார்.

அதனால்
சனங்கள் சிரித்து முடிப்பதற்குள்
திரைக்காரர் அடுத்ததைச் சொல்லிவிட்டார்.
வேப்பனப்பள்ளியிலிருந்து வண்டி கட்டி வந்த தெலுங்குக்காரர்கள்
யாரோ அர்த்தம் சொல்லிக் கடைசியில் சிரித்தார்கள்.
பாதிப் பேச்சைப் பெண்ணையாற்று மணல் குடித்தது.
"இர்றா, இர்றா" என்று
தன்னையே அதட்டிக்கொண்டிருந்தார், என் காதோரம்.

ஒரே ஓர் இடம் கத்தரிக்குத் தப்பியிருந்தது.
சாம்பார் வாளியைப் பிடுங்கி மார்போடு அணைத்து,
"அசலுக்கு இந்த வாளி. வட்டிக்கு அப்பளம் எடு!"
சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார்.
நிற்கிறார்.
ஒரு சத்தமில்லை.
துணிக்கு அந்தப்பக்கம் நானூறு பேர்,
இந்தப்பக்கம் இவர்.
எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும்
அந்த முகம் நம்மைத்தான் பார்க்கிறது.

என்ஜினுக்குத் தண்ணீர் ஊற்ற மறந்துபோனேன்.
அது திணறியது. வெளிச்சம் மங்கி,
குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல்
"பா... யா... சமா... வது..." என்று இழுக்க,
கொட்டகை வெடித்தது.
கடலைப் பொட்டலங்கள் பறந்தன.

அவர் சிரிக்கவில்லை.
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்,
எவ்வளவு நேரம் நிற்கிறது என்று.
போகும்போது என் கையில் ஒரு நாலணா.
"நாளைக்கும் அங்கேயே மூச்சு வாங்கட்டும்."

நாலு நாள் வாங்கவைத்தேன்.
ஐந்தாம் நாள் படப்பெட்டி ஓசூர் பஸ்ஸில் ஏறியது.
அந்தக் கொட்டகையில் புது என்ஜினாம்.
திணறவே திணறாதாம்.