இன்று ரீடிங் இல்லை

நேற்று ஆயுதபூஜையில்
ஆபீஸ் ஏணிக்கும் டெஸ்டருக்கும் வைத்து மிஞ்சிய சந்தனத்தை
மச்சானின் பைனாகுலருக்கும் ஒரு பொட்டு இட்டேன்.
வலது கண்ணாடியில் பூஞ்சை பிடித்தது அது.
எதைப் பார்த்தாலும் ஓரத்தில் கொஞ்சம் மேகம் இருக்கும்.

இருட்டு பிரியும் முன்னே
உச்சிப்புளியில் ஸ்கூட்டியை எடுத்தேன்.
மற்ற நாளென்றால் கையில் மெஷின்.
நாய் உள்ள வீடு, நாய் இல்லை என்று சொல்லும் வீடு,
"போன தடவை இவ்வளவு வரலையேம்மா" வீடு.
இன்று நான் எழுதும் எண்ணுக்கு
எவரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

பிள்ளைமடத்தில் முகத்துவாரம் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.
மழை வந்து உடைக்க வேண்டும்.
தேங்கிய நீரில் பவளக்காலி ஆறு.
பச்சைக்காலி ஒன்று,
கடன் கொடுத்தவனைக் கண்டுவிட்டவன் மாதிரி
திரும்பிப் பாராமல் நடந்து போனது.
மேலே கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள்,
வடக்கே எங்கிருந்தோ நேற்றோ முந்தாநாளோ வந்து இறங்கியவை.
இருபத்திரண்டு.
ஃபோர்மேன் அருளப்பன் ராத்திரி முழுக்கக் கிடந்து இழுத்த லைன் அது.
அவரிடம் சொல்ல வேண்டும்:
லோடு தாங்குகிறது.

பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தவில்லை.
இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல்.
கச்சான் ஓய்ந்துவிட்டது, வாடை இன்னும் தொடங்கவில்லை.
இரண்டு கடலும் குணம் மாற்றிக்கொள்ளும் முன்
ஒரு வாரம் சும்மா இருப்பது போலிருந்தது.

கோதண்டராமர் கோவில் தாண்டிய சேற்றுவெளியில்
அன்னாசிக்கீற்று விற்கும் இபுராம்சா
தூரத்திலேயே கையை விரித்தார்.
"பூநாரை வரலம்மா. தை மாசம் வாங்க."
பூநாரைக்கு வேன் வைத்துக் கூட்டம் வரும்.
எனக்கு இந்தத் தவிட்டு நிறப் பொடிசுகள் போதும்,
நின்றால் மண், ஓடினால்தான் பறவை.

பத்துப் பத்தாக எண்ணினேன்.
முந்நூற்று நாற்பதில் பைரி வந்தது.
சேறே எழுந்து பறந்த மாதிரி இருந்தது.
வானத்தில் ஒருமுறை வெள்ளையாகி,
ஒருமுறை இல்லாமலாகி,
அக்கரை மணலில் போய் உதிர்ந்தன.
போட்ட கணக்கை அடித்தேன்.

ஒன்று மட்டும் போகவில்லை.
உப்புக்கொத்தி.
பைரியைக் காணவில்லையோ,
கண்டும் முடியவில்லையோ.
காலில் சோற்றுப் பருக்கை அளவில் ஒரு கொடி,
அதில் எழுத்து.

குப்புறப் படுத்தேன்.
சுடிதார் வழியே உப்புநீர் ஏறி வயிற்றைத் தொட்டது.
முதலில் ஒரு K, பிறகு 7 அல்லது 1.
மூன்றாவதைப் பிடிப்பதற்குள்
அந்தக் காலை மடித்து
வயிற்று இறகுக்குள் செருகிக்கொண்டு
ஒற்றைக் காலில் தூங்கிப்போனது.

சுண்ணாம்பு அடித்து மறைத்த மீட்டரைப் படித்திருக்கிறேன்.
குளவிக்கூட்டுக்குள் கைவிட்டுப் படித்திருக்கிறேன்.
பிரசவம் நடந்த வீட்டில், சாவு விழுந்த வீட்டில்
மன்னிப்புக் கேட்டபடியே படித்திருக்கிறேன்.
இந்த ஓரெழுத்துக்காக ஒன்றரை மணி நேரம்.
பூஜைப் பொரி நமுத்துப் போனது.
வெயில் முதுகில் ஏறி உட்கார்ந்தது.
எழுப்பலாம், ஒரு கைதட்டல் போதும்.
எத்தனை மலை தாண்டிய தூக்கமோ,
என் கை எழவில்லை.

பிறகு அதுவாக விழித்தது,
இரண்டு அடி ஓடியது,
அக்கரைக்குப் பறந்துவிட்டது.

நோட்டில் அதன் பெயருக்கு எதிரே
கைப்பழக்கத்தில் எழுதினேன்:
வீடு பூட்டியிருந்தது.
எழுதியபின் தோன்றியது,
அது புறப்பட்டு வந்த உயரத்தில்
இந்நேரம் பனி விழத் தொடங்கியிருக்கும்.
அடிக்கவில்லை.

திரும்பும்போது தங்கச்சிமடம் முழுக்க இருட்டு.
டீக்கடை மெழுகுவர்த்தியில் என்னை அடையாளம் கண்டு
நாலைந்து பேர் எழுந்து வந்தார்கள்.
"ஈபி அம்மாதானே? எப்பம்மா வரும்?"

சேறு காய்ந்த சுடிதாரோடு,
கழுத்தில் சந்தனப் பொட்டு வைத்த பைனாகுலரோடு நின்று சொன்னேன்:
"வந்துக்கிட்டு இருக்குண்ணே."