இருபத்து மூன்று புள்ளி

மச்சாள் சுகிர்தா ஸ்காபரோவிலிருந்து
வைபரில் அனுப்பியது ஒரு தாள்.
தின்கிற ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு.
எனக்கு ஒரு நாளைக்கு இருபத்து மூன்று.
அவ பதினொரு கிலோ இறக்கிப்போட்டா.
படத்தில் கழுத்தெலும்பு தெரியுது.

தாளில் புரொக்கோலி பூச்சியம்.
பேகிள் என்று ஒன்று, ஒன்பது.
என்னடி அது என்று கேட்டால்
நடுவில் ஓட்டை போட்ட பாணாம்.
பிட்டு இல்லை.
பிட்டு இல்லாத தாளை வைத்துக்கொண்டு
மல்லாவியில் எப்படி மெலிகிறது?

சங்கக் கடைப் பழைய கொப்பியின் பின்பக்கத்தில்
நானே சட்டம் எழுதினேன்.
அரை நீத்துப்பெட்டிப் பிட்டு, ஆறு.
தேங்காய்ப்பூ கூடினால் ஏழு.
வல்லாரை, முசுட்டை, முருங்கையிலை பூச்சியம்.
விரால் குழம்பு மூன்று, பொரித்தால் ஐந்து,
சட்டி வழித்த சோறு
ஆரும் பார்க்காவிட்டால் ஒன்று.
அந்தியேட்டிச் சாப்பாடு கணக்கில் சேராது.
தின்னாமல் எழும்பினால் சண்டை சேரும்.

பாலைப்பழத்தில்தான் சட்டம் முறிந்தது.
மகன் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான்.
ஒரு பழத்துக்கு எத்தனை புள்ளி?
ஒரு பழம் தின்றவர் ஆர்?
பால் ஒட்டி உதடு திறக்காமற்போன இடத்தில் நிறுத்தினேன்.
ஒட்டின வாய்க்கு
இரண்டு புள்ளி திருப்பிக் கொடுத்தேன்.

நடந்தால் புள்ளி கூடும் என்றது தாள்.
மகனின் கன்வஸ் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு
விடிய ஐந்தரைக்கு வவுனிக்குளக் கட்டில் ஏறினேன்.
மூன்றாம் நாள் துருசடியில் யானை இலத்தி,
ஆவி பறந்தபடி.
வீடு மட்டும் ஓடினேன்.
ஓட்டத்துக்கு நான்கு போட்டேன்,
பயத்துக்கு ஒன்று.

செலவழியாத புள்ளி சனிக்கிழமைக்குச் சேருமாம்.
வெள்ளி இரவு கூட்டிக்கொண்டிருந்தேன்.
பேனை தன்பாட்டில் வேறு கணக்குக்குப் போனது.
இரணைப்பாலை. மாசி, பங்குனி, சித்திரை.
கஞ்சி ஒரு கோப்பை, உப்பு சில நாள்.
தாராளமாய் இரண்டு வைக்கலாம்.
மிச்சம் இருபத்தொன்று.
தொண்ணூறு நாளுக்கு
ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
பிறகு செட்டிக்குளத்தில் நிறுத்தபோது முப்பத்தேழரை.
தராசு பிழையென்று
தாதி முள்ளைத் தட்டித் தட்டிப் பார்த்தா.
கழுத்தெலும்பு எனக்கும் தெரிந்தது.

கூட்டின இலக்கத்தை வெட்டினேன்.
ஒரு சனிக்கிழமைக்கு
அவ்வளவையும் ஆர் சமைக்கிறது?

இவர் கொப்பியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் என் நிரலுக்குப் பக்கத்தில்
கோடு கீறித் தன் பெயர் எழுதியிருந்தார்.
தேத்தண்ணி, சீனி இல்லை, பூச்சியம்.
கடித்த பனங்கட்டியை எழுதவில்லை.
நான் பென்சிலால் எழுதி வைத்தேன், ஒன்று.
இரவு அது இரண்டாய் மாறியிருந்தது.
நேர்மையான மனுசன்.

வீட்டில் தராசு இல்லை.
தொடங்கின அன்று கிளினிக்கில் எழுபத்து மூன்று.
மாதம் முடிய, கிளினிக் பூட்டு,
சற்குணத்தாரின் மில்லுக்குப் போனேன்.
மூடை நிறுக்கிற மேடையில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றேன்.
பின்னால் நெல்லோடு லான்ட்மாஸ்டர் ஒன்று
காத்துக்கொண்டு நின்றது.
எழுபத்தொன்றரை.
பெடியன் பழக்கதோசத்தில்
சாக்குக்கு ஒரு கிலோ கழித்துத் துண்டு எழுதினான்.
எழுபதரை.

திருத்தச் சொல்லவில்லை.
எத்தனை போகம் எங்கள் நெல்லில் கழித்திருக்கிறாங்கள்.

துண்டைப் படமெடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன்.
கைதட்டுகிற பொம்மை மூன்று வந்தது.
பிறகு ஒரு கேள்வி:
கீழே ஈரப்பதன் பதினான்கு என்று கிடக்கு,
அது என்ன புள்ளி?